பெருந்தொற்றும் நம் கல்லூரிப் பிள்ளைகளும்
(ஜமாஅத் ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் ஆற்றிய உரை)



ஆண்டின் வரவு செலவுக் கணக்கை இப்போது கேட்டோம். எந்தக் கணக்கிலும் ஏறாத ஓர் இழப்பைப் பற்றிச் சில வார்த்தைகள் கூற விழைகிறோம். கொரோனாக் காலத்தில் கல்லூரிகளில் பயின்ற நம் பிள்ளைகள் அடைந்த இழப்பே அது.

2020 மார்ச்சில் கல்லூரிகள் மூடப்பட்டன. இறுதியாண்டு மாணவர்கள் டிசம்பரிலும், ஏனையோர் 2021 பிப்ரவரியிலும்தான் வகுப்பறைக்குத் திரும்பினர். இரண்டாம் அலையில் கதவுகள் மீண்டும் அடைபட்டன. பாடம் கைப்பேசிக்குள் வந்தது. ஆனால், 2017-18ஆம் ஆண்டுத் தேசிய மாதிரி ஆய்வின்படி, நாட்டின் கிராமப்புறங்களில் நூற்றுக்குச் சுமார் 15 வீடுகளிலேயே இணைய வசதி இருந்தது. மாணவர்களுக்கு நாள்தோறும் 2 ஜிபி இலவச டேட்டா வழங்கப்படும் எனத் தமிழக அரசு அறிவித்தது 2021 ஜனவரியில்தான். அண்ணனும் தங்கையும் ஒரே கைப்பேசியைப் பகிர்ந்த வீடுகளில் தங்கையின் வகுப்பே முதலில் தவறியது. தந்தையின் வருமானம் நின்ற வீடுகளில் பிள்ளை தக்காளி மண்டிக்கும், ஓசூருக்கும் வேலை தேடிப் போனான்.

தேர்வு விஷயத்திலும் தெளிவில்லை. கட்டணம் செலுத்தியிருந்தால் அரியர் பாடங்களில் தேர்ச்சி என 2020 ஆகஸ்டில் அரசு அறிவித்தது. வழக்கு சென்னை உயர்நீதிமன்றம் சென்றது. தேர்வின்றித் தேர்ச்சி அளிப்பதை ஏற்க இயலாது என 2021 ஏப்ரலில் நீதிமன்றம் கூறியது. ஏறத்தாழ எட்டு மாதங்கள், தாம் தேறினோமா இல்லையா என்றே அறியாமல் பிள்ளைகள் தவித்தனர்.

பள்ளிவாசல் அடைக்கப்பட்டு, 2020 ரமலானில் வீட்டிலேயே தொழுதபோது பெரியவர்களாகிய நமக்கே நெஞ்சு கனத்தது. இருபது வயதுப் பிள்ளையின் தனிமையை நாம் எண்ணிப் பார்த்தோமா? பெருந்தொற்றின் முதலாண்டில் உலகெங்கும் பதற்றமும் மனச்சோர்வும் சுமார் 25 சதவீதம் அதிகரித்தன என்றும், இளைஞர்களும் பெண்களும் மிகுதியாகப் பாதிக்கப்பட்டனர் என்றும் உலக சுகாதார நிறுவனம் 2022இல் தெரிவித்தது.

நோய் அடங்கிவிட்டது, ஆனால் அதன் சுவடு அழியவில்லை. ஆகவே மூன்று வேண்டுகோள்கள்.

முதலாவதாக, அந்தப் பிள்ளைகளைக் 'கொரோனா பாஸ்' என ஏளனம் செய்வதை இன்றோடு நிறுத்துவோம். அவர்கள் கேட்டுப் பெற்ற சலுகை அல்ல அது.

இரண்டாவதாக, அரியருடன் படிப்பை நிறுத்தியவர்கள் மீண்டும் எழுத வாய்ப்புண்டா எனப் பல்கலைக்கழகத்தில் விசாரித்து, இயலாதோரின் தேர்வுக் கட்டணத்தை ஜமாஅத் ஏற்கட்டும். பெண்பிள்ளைகளை மறந்துவிட வேண்டாம்.

மூன்றாவதாக, உறக்கமின்றி, உணவில் நாட்டமின்றி, எவருடனும் பேசாதிருக்கும் பிள்ளையைச் சோம்பேறி எனத் திட்டாமல் அருகில் அமர்ந்து கேட்போம். 14416 என்ற 'டெலி மானஸ்' இலவச எண்ணில் இரவு பகல் எந்நேரமும் தமிழில் ஆலோசனை கிடைக்கிறது. காய்ச்சலுக்கு மருத்துவரிடம் செல்வது போன்றதே இதுவும். இதில் வெட்கத்திற்கு இடமில்லை.

நின்றுபோன படிப்பு தொடரவும், சோர்ந்த உள்ளங்கள் தேறவும் வல்ல இறைவன் அருள்புரிவானாக!