புதுக்காசும் பழங்காசும்

(தோட்டக் கிளைக் கூட்டமொன்றில் நிகழ்த்தப்பெற்ற உரை)



சம்பளம், வீடு, தண்ணீர் என்று பேச வேண்டியவை எத்தனையோ கிடக்க, சில்லறைக் காசைப் பற்றிப் பேச ஒரு கூட்டமா என்று சிலர் நினைக்கக்கூடும். நினைப்பதில் தவறில்லை. ஆனால் ஒன்றைச் சிந்தித்துப் பாருங்கள். நாம் சீவுகின்ற மரத்தின் பாலுக்கு விலை சொல்லும்போது ரப்பர் வாரியம் எப்படிச் சொல்கிறது? கிலோவுக்கு இத்தனை வெள்ளி என்றா சொல்கிறது? இல்லை, கிலோவுக்கு இத்தனை சென் என்றுதான் சொல்கிறது. பேச்சுவார்த்தை மேசையில் பத்துக் காசுக்கும் இருபது காசுக்கும் மணிக்கணக்கில் வாதாடுகிறோம். அங்கே அரும்பாடுபட்டு வாங்கிய காசை இங்கே கடை மேசையில் தெரியாமல் விட்டுவிட்டு வந்தால், அந்த வாதாட்டத்துக்கு என்ன பொருள்?

விஷயத்துக்கு வருவோம். நம் நாட்டில் இன்று இரண்டு வகைக் காசுகள் ஒன்றாகப் புழங்குகின்றன. ஒன்று 1989ஆம் ஆண்டில் வந்தது. மற்றொன்று 2012 ஜனவரியில் வந்தது. புதியது வந்தவுடன் பழையதைச் செல்லாது என்று சொல்லிவிடவில்லை, இரண்டும் செல்லும். அது நல்லதுதான். இல்லாவிட்டால் உண்டியலிலும் பால் டின்னிலும் சேர்த்து வைத்திருந்த ஏழை மக்கள் வங்கி வாசலில் வரிசை பிடித்து நின்றிருப்பார்கள். ஆயினும் இரண்டும் ஒரே பையில் கிடப்பதால் வந்த தொல்லை வேறு.

இதற்கு முன்னும் காசு மாறியதில்லையா? மாறியிருக்கிறது. வயது சென்றவர்கள் சதுரமான ஒரு காசை இன்றும் நினைவில் வைத்திருப்பார்கள். அரசர் தலை போட்டது, பிறகு அரசியார் தலை போட்டது. 1962இல் அதுவும் வட்டமாகிவிட்டது. 1967 ஜூன் 12ஆம் நாள் பேங்க் நெகாரா மலேசியா தன் சொந்தக் காசை வெளியிட்டபோது தலை போய்ப் பாராளுமன்றக் கட்டடமும் பிறையும் நட்சத்திரமும் வந்தன. 1989இல் அந்தக் கட்டடமும் போய், நம் கண்ணுக்குப் பழக்கமான பொருள்கள் வந்தன: ஐந்து காசில் பம்பரம், பத்துக் காசில் சொங்காக், அதாவது நம் பல்லாங்குழி, இருபது காசில் வெற்றிலைப் பெட்டி, ஐம்பது காசில் நிலாப் பட்டம்.

இந்த மாற்றங்களின்போது மக்கள் பெரிதாகத் தடுமாறவில்லை. ஏன்? படம்தான் மாறியது, அளவு மாறவில்லை. பத்துக் காசு, இருபது காசு, ஐம்பது காசு மூன்றும் வெள்ளைக்காரன் காலத்துக் கடைசிக் காசுகளின் அளவிலேயே, மயிரிழை வித்தியாசத்தில், 1967இலும் வந்தன, 1989இலும் வந்தன. பாட்டனார் விரல் அறிந்ததைப் பேரன் விரலும் அறிந்திருந்தது. விடியுமுன் எழுந்து, நெற்றி விளக்கோடு நிரைக்குப் போகும் வெட்டுக்காரர் மடியில் கைவிட்டு எண்ணிப் பார்க்காமலே எடுத்துக் கொடுப்பார். ஒட்டுப்பால் காய்ந்த விரலுக்கும் அது தெரியும்.

2012இல்தான் அளவே மாறியது. கிராணிமார்கள் குறித்துக்கொள்ளுமாறு கேட்டுக்கொள்கிறோம். பழைய பத்துக் காசின் குறுக்களவு 19.4 மில்லிமீட்டர், பழைய இருபது 23.59, பழைய ஐம்பது 27.76. ஒன்றுக்கும் அடுத்ததற்கும் நான்கு மில்லிமீட்டருக்கு மேல் இடைவெளி. புதிய பத்து 18.8, புதிய இருபது 20.6, புதிய ஐம்பது 22.65. இங்கே இடைவெளி இரண்டு மில்லிமீட்டர் அளவுதான். படிகள் நெருங்கிவிட்டன. கண் தெளிவாய் உள்ளவர்களுக்கே இது ஓரளவு சங்கடம். கண் மங்கியவர்களைப் பற்றிச் சொல்ல வேண்டுமா?

இதைவிடப் பெரிய வேடிக்கை எடையில் இருக்கிறது. பழைய இருபது காசின் எடை 5.65 கிராம். புதிய ஐம்பது காசின் எடை 5.66 கிராம். கண்ணை மூடிக்கொண்டு இரண்டையும் இரு கையில் வைத்துப் பாருங்கள். குறுக்களவிலும் ஒரு மில்லிமீட்டருக்குக் குறைவான பேதமே. நிறம்தான் வேறு, பழையது வெள்ளை, புதியது மஞ்சள். பகலில் அது போதும். இருட்டில்? மடிப்பைக்குள்? கண்ணில் புரை விழுந்த பாட்டிக்கு? இருபது என்று நினைத்து ஐம்பதைக் கொடுத்தால் முப்பது காசு போயிற்று. அதேபோலப் பழைய பத்துக்கும் புதிய இருபதுக்கும் வித்தியாசம் ஒரு மில்லிமீட்டர் சொச்சம். அங்கே பத்துக் காசு போகும்.

இந்தத் தோட்டத்து லயத்தில் எழுத்தறியாத முதியவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அவர்களுக்கு எண் தெரியாது. பம்பரம் தெரியும், பட்டம் தெரியும். "பட்டம் போட்ட காசு இரண்டு கொடு" என்று கேட்டு வாங்கிப் பழகியவர்கள். புதுக் காசில் அந்தப் பொருள்கள் இல்லை. பின்னல் வேலையும் பூவேலையும் கொடி வேலையுமாக இருக்கிறது. அழகுதான், அதை நாம் குறை சொல்லவில்லை. உலோகச் செலவைக் குறைக்க வேண்டிய அவசியமும் அரசாங்கத்துக்கு இருந்திருக்கும். ஆனால் காசு அடிப்பவர்கள் காசை எண்ணுகிற விரலைப் பற்றி இன்னும் சற்று எண்ணியிருக்கலாம் என்பது நமது அபிப்பிராயம்.

ஒரு வசதியும் செய்திருக்கிறார்கள், அதை மறைக்கக் கூடாது. புதிய ஐம்பது காசின் விளிம்பைச் சுற்றி ஒன்பது பள்ளங்கள் இருக்கின்றன. நகத்தால் வருடினால் தெரியும். இதை உங்கள் வீட்டு முதியவர்களுக்குச் சொல்லிக் கொடுங்கள். பட்டணத்தில் படித்தவர்களே பலர் இதைக் கவனித்ததில்லை.

இனி, கிராணிமார்களுக்கும் கோயில் கணக்குப் பார்ப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. சில்லறையை எண்ணச் சோம்பி, நிறுத்துக் கணக்குப் போடும் பழக்கம் சில இடங்களில் உண்டு. பழைய இருபது காசு நூறு எண்ணம் 565 கிராம். அதன் மதிப்பு இருபது வெள்ளி. புதிய ஐம்பது காசு நூறு எண்ணம் 566 கிராம். அதன் மதிப்பு ஐம்பது வெள்ளி. பால் நிறுக்கிற தராசு காசுக்கு உதவாது. உண்டியல் திறக்கும்போது முதலில் நிறம் பிரியுங்கள், பிறகு அளவு பிரியுங்கள், அதன் பிறகு எண்ணுங்கள். இயந்திரங்களுக்கும் இதே கதிதான் நேர்ந்தது. காசு போட்டால் வேலை செய்கிற தொலைபேசி, துணி வெளுக்கும் பெட்டி, பானம் தரும் பெட்டி எல்லாம் அளவும் எடையும் பார்த்தே காசை அறிகின்றன. புதுக் காசைக் கற்றுக்கொடுக்கும் வரையில் அவை விழுங்காமல் துப்பின. இயந்திரத்துக்குக் கற்றுக்கொடுக்க ஆள் வந்தார். நம் பாட்டிமார்களுக்குக் கற்றுக்கொடுக்க யார் வந்தார்கள்?

சிங்கப்பூரிலும் 2013இல் புதுக்காசு வந்தது. அங்கே ஒரு வெள்ளிக் காசை இரண்டு நிற உலோகத்தில் செய்தார்கள். அதைப் பார்த்தவன் வேறொன்றோடு குழப்பிக்கொள்ள மாட்டான்.

நம் ஒரு வெள்ளிக் காசின் கதை சோகமானது. மஞ்சள் நிறத்தில் கிரிஸ் கத்தி போட்டு 1989இல் வந்தது, கள்ளக்காசு பெருகிற்று, 2005 டிசம்பர் 7ஆம் நாள் முதல் அது செல்லாது என்று அறிவித்துவிட்டார்கள். செய்தி பட்டணத்தில் எல்லார்க்கும் தெரிந்தது. தோட்டத்தின் உட்புறத்தில் தெரிய வேண்டியவர்களுக்குத் தெரியவில்லை. மகள் கலியாணத்துக்கென்று டின்னில் போட்டு வைத்த காசு அந்த நாளோடு வெறும் உலோகத் துண்டாகிவிட்டது. இன்றும் சில வீடுகளில் அது கிடக்கிறது. அதை வைத்துக்கொண்டு கடைக்காரரோடு சண்டை பிடிப்பதில் பயனில்லை.

இந்த அனுபவம் இருப்பதால்தான் வதந்திக்குக் காது கொடுக்கிறோம். "பழைய வெள்ளை ஐம்பது காசு சீக்கிரம் செல்லாமல் போகும், நாற்பதுக்குக் கொடுங்கள், நான் மாற்றித் தருகிறேன்" என்று ஒருவர் வந்து கேட்டால் என்ன செய்வீர்கள்? கொடுக்காதீர்கள். 1989ஆம் ஆண்டின் ஐந்து, பத்து, இருபது, ஐம்பது நான்கும் முழு மதிப்போடு செல்லும். பயத்தைக் காட்டிக் காசுக்குப் பத்துக் காசு அடிக்கும் வியாபாரம் வட்டிக்கடையைவிட மோசமானது. அப்படி எவரேனும் லயத்துக்கு வந்தால் கிளைச் செயலாளரிடம் சொல்லுங்கள்.

ஒரு காசின் சங்கதியையும் சொல்லிவிடுகிறோம். 2008 ஏப்ரல் 1 முதல் பில் தொகையை அருகிலுள்ள ஐந்து காசுக்கு முழுமையாக்குகிறார்கள். முடிவில் ஒன்று, இரண்டு, ஆறு, ஏழு வந்தால் கீழே இறங்கும். மூன்று, நான்கு, எட்டு, ஒன்பது வந்தால் மேலே ஏறும். பன்னிரண்டு வெள்ளி நாற்பத்திரண்டு காசு என்றால் நாற்பது; நாற்பத்து மூன்று என்றால் நாற்பத்தைந்து. இதில் மோசம் எங்கே நடக்கும்? முழுமையாக்க வேண்டியது மொத்தத் தொகையை. ஒவ்வொரு சாமானையும் அல்ல. இரண்டு வெள்ளி மூன்று காசு விலையில் மூன்று சாமான் வாங்கினால் மொத்தம் ஆறு வெள்ளி ஒன்பது காசு. கொடுக்க வேண்டியது ஆறு வெள்ளி பத்து. ஒவ்வொன்றையும் தனித்தனியே ஏற்றினால் ஆறு வெள்ளி பதினைந்து ஆகும். ஐந்து காசுதானே என்பீர்கள். மாதத்தில் எத்தனை தரம் கடைக்குப் போகிறோம், ஒரு தோட்டத்தில் எத்தனை குடும்பம், கணக்குப் பாருங்கள். பற்றுப் புத்தகத்தில் எழுதும் கடையில் இதை விழிப்பாகக் கவனிக்க வேண்டும்.

நமக்கும் சட்டம் உண்டு, கடைக்காரருக்கும் சட்டம் உண்டு. 2020ஆம் ஆண்டு நாணயச் சட்டப்படி ஒரே கொடுக்கல் வாங்கலில் 25 காசுகளுக்கு மேல் வாங்க மாட்டேன் என்று அவர் சொல்லலாம். ஆகவே ஒரு டின் சில்லறையைக் கொண்டுபோய்க் கொட்டிவிட்டு "அரசாங்கக் காசு, எப்படி மறுக்கலாம்?" என்று கேட்பது செல்லாது. வங்கிக்குக் கொண்டு போகலாம், அல்லது தெரிந்த கடைக்காரரிடம் இணக்கமாய்ப் பேசி மாற்றலாம். சில்லறைக்குத் தவிக்கும் கடைகளும் உண்டு.

சம்பளம் இப்போது வங்கி வழியே வருகிறது, காசைப் பற்றி நமக்கென்ன என்று இளைஞர்கள் சிலர் சொல்கிறார்கள். கைத்தொலைபேசியைக் காட்டிப் பணம் கட்டுகிறார்கள். நல்லது. ஆனால் பள்ளிக்கூடத்துக்குப் போகும் பிள்ளை கையில் காசு. வெற்றிலை வாங்கும் பாட்டி கையில் காசு. கோயில் தட்டில் காசு. குடும்பத்தில் யாருக்கு வருமானம் குறைவோ அவர் கையில்தான் சில்லறை மிஞ்சுகிறது. காசில் வரும் நட்டம் அவர் தலையில்தான் விழுகிறது.

ஆகவே செயற்குழுவில் ஒரு முடிவு செய்திருக்கிறோம். ஓர் அட்டையில் பழைய நான்கு காசுகளை மேல் வரிசையிலும் புதிய நான்கு காசுகளைக் கீழ் வரிசையிலும் வைத்து, கண்ணாடித்தாள் போட்டு, தடவிப் பார்க்கவும் வசதியாகச் சில காசுகளின் விளிம்பைத் திறந்துவிட்டு, கடை மேசையில் ஒன்றும் கோயில் மண்டபத்தில் ஒன்றும் மாட்டுவது. மிச்சம் கொடுப்பவர் வாய்விட்டு எண்ணிக் கொடுக்க வேண்டும் என்று கடைக்காரரிடம் கேட்டுக்கொள்வது. வாங்குபவரும் அதே இடத்தில் எண்ணிப் பார்ப்பது. அட்டை தயாரிக்கும் வேலையை இளைஞர் பகுதி ஏற்றிருக்கிறது. ஓர் அட்டைக்கு வேண்டிய எட்டுக் காசுகளின் மதிப்பு ஒரு வெள்ளி எழுபது காசு; இரண்டு அட்டைக்கு மூன்று வெள்ளி நாற்பது. அந்தச் செலவைக் கிளை ஏற்கிறது. பழைய ஐந்து காசு, அந்தப் பம்பரம் போட்டது, தேய்மானமில்லாததாக இரண்டு வேண்டியிருக்கிறது. வைத்திருப்பவர்கள் கூட்டம் முடிந்ததும் பொருளாளரிடம் கொடுத்து மாற்றிக்கொள்ளலாம்.