றிப்போர்ட்டில் தெரியாத நோ

(பழைய மாணவிகள் சங்க நூற்றாண்டு ஒன்றுகூடலில் ஆற்றிய உரை)



ஏதாவது ஒரு நோய் பற்றிப் பேசும்படி சங்கத்தார் கேட்டார்கள். நீரிழிவு, இரத்த அழுத்தம் பற்றியெல்லாம் கேட்டுக் கேட்டு உங்களுக்குச் சலித்திருக்கும். ஆகவே என் வகுப்புத் தோழி ஒருத்தியைப் பற்றிச் சொல்கிறேன். பெயரைச் சொல்லாமல் சொல்லலாம் என்று அனுமதி தந்திருக்கிறாள்.

எங்கள் வலைப்பந்து அணியில் களைக்காமல் ஓடியவள். 8 வருடங்களுக்கு முன் ஒருநாள் தொலைபேசியில், "உடம்பெல்லாம் நோகுதடி. நித்திரையால எழும்பினாலும் அடிச்சுப் போட்ட மாதிரிக் கிடக்கு" என்றாள். இரத்தப் பரிசோதனை றிப்போர்ட்டுகளை அனுப்பச் சொல்லிப் பார்த்தேன். "எல்லாம் நல்லாத்தானே இருக்கு. உனக்கு ஒண்டுமில்லை, யோசிக்காதை" என்றேன். தேற்றுவதாகத்தான் நினைத்தேன். அதன்பின் ஒரு வருடம் அவள் என்னோடு கதைக்கவில்லை. ஃபைப்ரோமயால்ஜியா என்று கண்டுபிடித்தது வேறொரு வைத்தியர்.

பின்னொருநாள் சொன்னாள்: "வீட்டில நம்பேல்லை, வேலையில நம்பேல்லை. அது பரவாயில்லை. நீயும் ஒண்டுமில்லை எண்டாப்பிறகுதான் எனக்கு விசரோ எண்டு நினைச்சன்."

இந்த வருத்தத்தில் இரத்தப் பரிசோதனையும் எக்ஸ்ரேயும் பெரும்பாலும் சரியாகவே வரும். தைரொயிட் போன்ற வேறு காரணங்கள் உண்டா என்று பார்க்கவே அவை. தசையும் மூட்டும் அழிவதில்லை. மெல்லத் தொட்டதையும் இடித்ததாக மூளையும் நரம்புகளும் எடுத்துக்கொள்கின்றன. ஆண்களைவிடப் பெண்களிடமே இது அதிகம். 1990ஆம் ஆண்டின் அளவுகோல்படி உடம்பில் 18 இடங்களை அழுத்தி, 11 இல் நொந்தால்தான் இந்த நோய் என்றிருந்தது. 2010இல் அது மாறியது. பரவலான நோ, ஆறாத களைப்பு, அலுப்புத் தீராத நித்திரை, ஞாபகத் தடுமாற்றம் ஆகியவை 3 மாதங்களாவது நீடித்தனவா என்று இப்போது கேட்கிறோம். நோயாளி சொல்வதைக் கேட்பதே பரிசோதனையின் பெரும்பகுதி. நான் றிப்போர்ட்டைப் பார்த்தேனே தவிர, அவள் சொன்னதைக் கேட்கவில்லை.

குளிசைகள் ஓரளவு உதவும். ஆனால் ஐரோப்பிய வாதநோய் வைத்தியர்களின் கூட்டமைப்பு உறுதியாகப் பரிந்துரைத்தது உடற்பயிற்சி ஒன்றைத்தான். அதையும் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் கூட்ட வேண்டும். இவளோ நோக் குறைந்த நாளில் வீடெல்லாம் கழுவி, உடுப்பெல்லாம் தோய்த்துவிட்டு அடுத்த மூன்று நாளும் விழுந்து கிடப்பாள். நான் ஊருக்கு மாற்றலாகி வந்தபின் இருவரும் பின்னேரங்களில் நடக்கத் தொடங்கினோம். கோயில் வெளிவீதியில் ஒரேயொரு சுற்று. இரண்டாவது சுற்றுக்கு இரண்டு மாதம் எடுத்தது.

"ஏதும் வேணுமெண்டால் சொல்லு" என்று பலமுறை சொல்லியிருக்கிறேன். ஒருமுறையும் அவள் சொன்னதில்லை. தேங்காய் துருவுவதுதான் அவளுக்குப் பெரும்பாடு என்று தற்செயலாகத்தான் தெரிந்தது. இப்போது துருவிய பூவைப் பெட்டியில் போட்டுக் கொண்டுபோய்க் கொடுக்கிறேன். கேட்பதில்லை.

கலியாண வீட்டுக்குப் பட்டுச்சீலை உடுத்து வந்தால், "வருத்தக்காரி மாதிரித் தெரியேல்லையே" என்பார்கள். அந்த இரண்டு மணித்தியாலத்துக்காக முதல்நாள் முழுக்கப் படுத்திருந்தது அவர்களுக்குத் தெரியாது. வெளிநாட்டுத் தோழிகள் வட்ஸ்அப்பில் அன்போடு அனுப்பும் கைவைத்தியக் குறிப்புகளை அச்சடித்தால் எங்கள் நூற்றாண்டு மலரைவிடத் தடிப்பாக வரும். அவற்றை விட்டுவிட்டு, "இண்டைக்கு எப்பிடி இருக்கு?" என்று கேளுங்கள். பதில் நீண்டாலும் இடையில் மருந்து சொல்லாதீர்கள். வருகிறேன் என்றவள் கடைசி நேரத்தில் வராவிட்டாலும் அடுத்தமுறை கூப்பிடுங்கள்.

இன்றைக்கும் வருவதாகத்தான் இருந்தாள். காலையில், "ஏலாமக் கிடக்கு, மன்னிச்சுக்கொள்" என்று செய்தி வந்தது. மன்னிக்க ஒன்றுமில்லை என்று எழுதினேன். மத்தியானச் சாப்பாட்டில் ஒரு பார்சல் எடுத்துவைக்கச் சொல்லியிருக்கிறேன். பின்னேரம் அவளிடம் போகிறேன்; வாகனத்தில் மூன்று பேருக்கு இடமிருக்கிறது. வருபவர்கள் பத்து நிமிடத்துக்கு மேல் இருக்க வேண்டாம்.