முறிந்த எலும்பும் முதல் ஒரு மணி நேரமும்

(முன்னாள் மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரை)



முத்தியால்பேட்டை மணிக்கூண்டுப் பக்கம் வளர்ந்தவன் நான். எங்க தெருவில் யாருக்குக் கை கால் முறிந்தாலும், "கட்டு போடுங்கப்பா"ன்னுதான் முதலில் சொல்வாங்க. தோல் கிழியாத, எலும்பு விலகாத முறிவு, அசையாமல் கட்டினாலே பெரும்பாலும் கூடிவிடும். ஆனால் தோல் கிழிந்து எலும்பு வெளியே தெரிந்தால் கதையே வேறு.

1970-களில் நான் பி.யு.சி. படித்தபோது, பக்கத்து வீட்டு அண்ணன் சைக்கிளில் போய் லாரியில் அடிபட்டார். கால் எலும்பு வெளியே வந்துவிட்டது. அந்தப் புண்ணின் மேலேயே எண்ணெய்த் துணியும் மூங்கில் பத்தையும் வைத்துக் கட்டியவர்களில் நானும் ஒருவன். நாலாம் நாள் நாற்றம் வந்த பிறகுதான் ஆஸ்பத்திரிக்குத் தூக்கினோம். முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். அவர் தறி நெய்பவர். மிதிக்கட்டையை மிதிக்கக் கால் இல்லை. "நீ நல்லதுக்குத்தானே தம்பி செஞ்சே"ன்னார். அந்தச் சொல்தான் என்னை எலும்பு மருத்துவத்துக்குத் தள்ளியது.

திறந்த முறிவில் எலும்பைச் சேர்ப்பது இரண்டாவது வேலை. புண்ணைக் கழுவி, செத்த சதையை வெட்டி எடுப்பதுதான் முதல் வேலை. கிருமி தங்கினால் எந்த ஆணியும் நிற்காது. 1939-இல் ஜெர்மனியின் குன்ட்ஷர், தொடை எலும்பின் உள்ளேயே நீண்ட ஆணியைச் செலுத்தினார். 1958-இல் சுவிஸ் மருத்துவர்கள் ஒன்றுகூடி, தகடு, திருகாணி முறைகளை ஒழுங்குபடுத்தினார்கள். எலும்பை உறுதியாகப் பிடித்துவிட்டால் மூட்டைச் சீக்கிரமே அசைக்கலாம். மாதக்கணக்கில் படுக்க வேண்டியதில்லை.

காலை வைப்பதா, எடுப்பதா? இதற்கு நம்ம கோயம்புத்தூரிலேயே ஒரு அளவுகோல் பிறந்தது. கங்கா மருத்துவமனையின் டாக்டர் எஸ். ராஜசேகரன் குழுவினர் 2006-இல் வெளியிட்டார்கள். தோல், எலும்பு, தசை-நரம்பு என மூன்றுக்கும் தலா 1 முதல் 5 வரை மதிப்பெண். வயது, சர்க்கரை நோய் போன்றவற்றுக்குக் கூடுதல். 14-க்குள் இருந்தால் காலைக் காப்பாற்றலாம். 17-ஐத் தொட்டால் எடுப்பதே நல்லது. இடையில் இருப்பதை மருத்துவரின் அனுபவம் தீர்மானிக்கும்.

அந்த அண்ணனுக்குப் பலமுறை மனசுக்குள் கணக்குப் போட்டுப் பார்த்திருக்கிறேன். முதல் நாள் புண்ணுக்குப் 14-ஐத் தாண்டாது. அவர் காலை எடுத்தது லாரி இல்லை, நாங்கள் கடத்திய நாலு நாள்.

மாணவச் செல்வங்களே, எலும்பை உள்ளே தள்ளாதீங்க, எண்ணெய் வேண்டாம். சுத்தமான துணியால் மூடி, கால் அசையாமல் பத்தை வைத்து, 108-ஐக் கூப்பிடுங்க. கிருமிக்கான ஊசி முதல் ஒரு மணி நேரத்துக்குள் போனால் பாதிப் போர் ஜெயித்த மாதிரி. போலீஸ், கேஸ் என்று பயப்படாதீங்க. 2019-இல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டம் உதவுகிறவருக்குப் பாதுகாப்புத் தருகிறது.

கூடவே ஓடுங்கள்.