காரைப் பதிக்க முன்னர்

என் மருமகனிடம் ஒரு மஸ்டா எம்எக்ஸ்-5 இருக்கிறது. 1989இல் அறிமுகமான இரட்டை இருக்கைக் கார். கிழமை நாட்களில் வேலைக்கும், இடைக்கிடை றேஸ் ட்ராக்கில் ஓடவும் அதுவே வேண்டுமாம்.

"மாமா, பதிவான ஸ்பிறிங் மட்டும் மாத்தினால் காணும்" என்றான். காணாது. ஸ்பிறிங் கடினமானால், அதன் துள்ளலை அடக்க அதற்கேற்ற ஷொக் அப்சோர்பரும் வேண்டும். இல்லாவிட்டால் பள்ளத்தில் விழுந்த கார் துள்ளிக்கொண்டே போகும். ரயர் றோட்டை விட்டு எழும்பினால் பிறேக்கும் பிடிக்காது, ஸ்டியரிங்கும் சொல்வழி கேளாது. மிகவும் பதித்தால் சஸ்பென்ஷன் அசைய இடமின்றி ரப்பர் தடுப்பில் இடிக்கும். சில்லுகளின் கோணமும் மாறும். அலைன்மென்ட் பார்க்காவிட்டால் ரயர் ஒருபக்கமாகத் தேயும்.

கணக்காளன் புத்தி வேறு இடத்துக்குப் போனது. "இன்சூரன்சுக்குச் சொல்லிப்போட்டியோ?" இல்லையாம். இங்கே பிரித்தானியாவில் மாற்றத்தை மறைத்தால், விபத்து நடந்தபின் இழப்பீட்டைக் குறைக்கலாம், மறுக்கவும் கூடும். ட்ராக்கில் ஓடுவதைச் சாதாரணக் காப்புறுதி பெரும்பாலும் ஏற்பதுமில்லை.

அன்றே போன் எடுத்தான். தவணைப் பணம் கூடும் என்றார்கள், முகம் கறுத்துப்போனது. ஸ்பிறிங் பெட்டி இன்னும் கராஜில்தான் கிடக்கிறது. முதலில் நல்ல ரயரும் புது பிறேக் எண்ணெயும் போடப்போகிறானாம்.