சருகுக்குள் ஒரு விருந்தாளி

ஐப்பசி வாக்கில், விடியும் நேரத்திலும் பொழுது சாயும்போதும், மரம் அடர்ந்த தோட்டங்களிலிருந்து இரண்டு சுரத்தில் ஒரு சீழ்க்கை வரும். கணீரென்று கேட்கும், ஆளைத் தேடினால் அகப்படாது. ஆறுமணிக்குருவி அது. தோட்டக்கள்ளன் என்றும் சொல்வதுண்டு.

முதுகு பச்சை, தோளில் பளிச்சென்ற நீலம், கண்ணோரம் கறுப்புப் பட்டை, தொண்டை வெள்ளை, வாலடியில் குங்குமச் சிவப்பு. வடக்கே 'நவரங்' என்கிறார்கள். இத்தனை நிறத்தையும் வைத்துக்கொண்டு எப்படித்தான் ஒளிகிறதோ! சிவப்பெல்லாம் அடிவயிற்றில், நிழலில் பச்சை முதுகு எடுபடுவதில்லை. குட்டை வாலை அது மெல்ல ஆட்டும்போதுதான் நமக்குப் பிடிபடும்.

மத்திய இந்தியக் காடுகளிலும் இமயமலை அடிவாரத்திலும் தென்மேற்குப் பருவமழைக் காலத்தில் கூடு கட்டுகிறது. சருகும் புல்லும் சேர்த்த உருண்டைக் கூடு, வாசல் பக்கவாட்டில். நாலைந்து முட்டை. மழை ஓய்ந்ததும் தெற்கே கிளம்பிவிடும். இரவில்தான் பயணம். தமிழ்நாடு, கேரளம் என்று தங்கிவிடுபவை போக, மற்றவை கடல் தாண்டி இலங்கைக்கும் போகின்றன.

இவ்வளவு தூரம் பறந்து வருவது தரையில் நடந்து மேயத்தான். நீண்ட கால்களால் தத்தித் தத்திப் போய், அலகால் சருகைப் புரட்டும். கரையான், எறும்பு, வண்டு, மண்புழு எல்லாம் அதற்கடியில்தானே இருக்கின்றன? நாமோ சருகைக் கூட்டிக் கொளுத்துகிறோம். மிச்ச இடத்துக்குச் சிமெண்ட் போடுகிறோம், பூச்சிமருந்து தெளிக்கிறோம். இந்தப் பறவை அற்றுப்போகும் நிலையில் இல்லை; ஆனால் எண்ணிக்கை குறைந்து வருவதாகவே மதிப்பிடுகிறார்கள். காடு அழிவதைத் தடுக்க அரசு வேண்டும். மாமரத்தடியில் ஒரு மூலையைப் பெருக்காமல் விட யாருடைய உத்தரவு வேண்டும்? பக்கத்து வீட்டார் சோம்பேறி என்பார்கள், சொல்லிவிட்டுப் போகட்டும்.

இன்னொன்று. வலசை வரும் நாட்களில் இது களைத்துப்போய் வீட்டுக்குள் நுழைந்துவிடும், ஜன்னல் கண்ணாடியில் மோதி விழும். காக்கையும் பூனையும் காத்திருக்கும். கையில் கிடைத்தால் வாயில் தண்ணீர் ஊற்றாதீர்கள், மூச்சுக்குழாயில் இறங்கிவிடும். துளையிட்ட அட்டைப்பெட்டியில், இருட்டாக, சத்தமில்லாத இடத்தில் வையுங்கள். தெளிந்ததும் புதர் ஓரமாகத் திறந்துவிடுங்கள். இறக்கை முறிந்திருந்தால் வனத்துறைக்குச் சொல்லுங்கள். அழகாயிருக்கிறதே என்று கூண்டில் போட்டால், 1972ஆம் ஆண்டு வனவுயிர் பாதுகாப்புச் சட்டப்படி அது குற்றம்.