நம் மாவட்டமும் அதன் மக்கள் தொகையும்

(பஞ்சாயத்து உறுப்பினர் பயிற்சி முகாமில் வட்டார வளர்ச்சி அதிகாரி ஒருவர் ஆற்றிய உரை)



நாமக்கல் மாவட்டத்தின் நில அமைப்பு, வரலாறு, மக்கள் தொகை ஆகியவற்றைப் பற்றிப் பேசுமாறு என்னைப் பணித்திருக்கிறார்கள். பள்ளிக்கூடப் பாடம் போலத் தோன்றும் இந்தத் தலைப்பை இப்பொழுது எடுத்துக்கொள்வதற்குக் காரணம் உண்டு. 2021ஆம் ஆண்டு நடைபெற்றிருக்கவேண்டிய மக்கள் தொகைக் கணக்கெடுப்பு தள்ளிப்போய், 2027 மார்ச் 1ஆம் தேதியை ஆதார நாளாகக் கொண்டு நடைபெறும் என 2025 ஜூன் மாதத்தில் மத்திய அரசு அறிவித்தது. உங்கள் ஊருக்கு வரும் நிதியும், ஊரின் தேவைகளைப் பற்றிச் சர்க்கார் போடும் திட்டமும் இந்தக் கணக்கையே பற்றி நிற்பவை. 15ஆவது நிதிக் குழு எடுத்துக்கொண்டது 2011ஆம் ஆண்டுத் தொகையையே. ஆதலின், இம்முறை விடுபட்டுப்போகும் குடும்பம் பல ஆண்டுகளுக்கு விடுபட்டதாகவே இருக்கும்.

முதலில் நிலத்தைப் பார்ப்போம். நம் மாவட்டத்தின் பரப்பு சுமார் 3,400 சதுர கிலோமீட்டர். கிழக்கே கொல்லிமலை 1,000 மீட்டருக்கு மேல் உயர்ந்து நிற்கிறது. மேற்கிலும் தெற்கிலும் காவிரி எல்லையாக ஓடுகிறது. இவ்விரண்டுக்கும் இடையே கிடப்பது மானாவாரிச் சமவெளி. ஆண்டுக்கு ஏறக்குறைய 700 மில்லிமீட்டர் மழைதான் பெய்கிறது. அதுவும் சொன்ன காலத்தில் வருவதில்லை. சேர்வராயன் மலையில் பிறக்கும் திருமணிமுத்தாறு சேலத்தைக் கடந்து நம் நிலத்தின் வழியே வந்து காவிரியில் சேருகிறது. ஜேடர்பாளையம் முதல் மோகனூர் வரை வாய்க்கால் பாயும் கரையோரத்தில் வாழையும் வெற்றிலையும் செழிக்க, அங்கிருந்து சில மைல் உள்ளே வந்தால் கிணறு வற்றிய மேட்டுக்காடுகளைக் காண்கிறோம். ஒரே மாவட்டத்திற்குள் இரண்டு நாடுகள் இருக்கின்றன என்று கூறினாலும் மிகையாகாது.

வரலாற்றில் நான் நெடுநேரம் நிற்கப்போவதில்லை. வல்வில் ஓரியையும், நாமக்கல் பாறையில் அதியர் குடைவித்த கோயில்களையும் நீங்கள் அறிவீர்கள். 1792ஆம் ஆண்டு உடன்படிக்கையின்படி திப்பு சுல்தானிடமிருந்து சேலம் சீமை கம்பெனியாரின் கைக்கு வந்தது. காப்டன் அலெக்சாண்டர் ரீடும் அவருக்கு உதவியாக இருந்த தாமஸ் மன்றோவும் நிலங்களை அளந்து, குடியானவரிடமே நேராக வரி விதிக்கும் ரயத்துவாரி முறைக்கு இங்குதான் அடிகோலினார்கள். உங்கள் பட்டாவின் பூர்வீகம் அது. நாமக்கல் தாலுகா 1910இல் திருச்சிராப்பள்ளியுடன் சேர்க்கப்பட்டு, 1929இல் மீண்டும் சேலத்திற்கு வந்தது. 1997 ஜனவரி 1 முதல் தனி மாவட்டமாக இயங்கிவருகிறது.

நான் விரிவாகச் சொல்ல விரும்புவது வேறொன்று. தாது வருஷத்துப் பஞ்சம் என்று நம் பாட்டிமார் சொல்லக் கேட்டிருப்பீர்கள். அது 1876 முதல் 1878 வரை நீடித்தது. பருவமழைகள் அடுத்தடுத்துப் பொய்த்தன. அதற்கு முன்பு, 1871இல், அக்காலத்துச் சேலம் ஜில்லாவில் ஏறக்குறைய 19 லட்சத்து 67 ஆயிரம் மக்கள் இருந்தார்கள். 1881இல் எண்ணியபோது இருந்தவர்கள் சுமார் 16 லட்சம் பேரே. பத்தாண்டில் மக்கள் பெருகியிருக்கவேண்டிய இடத்தில் ஐந்தில் ஒரு பங்கினரைக் காணவில்லை. பசியிலும் காலராவிலும் மாண்டோர் எத்தனை பேர், ஊரை விட்டுப் போனவர் எத்தனை பேர் என்று பிரித்துச் சொல்ல இயலாது. அப்பொழுதே சேலத்திற்கு ரயில் இருந்தது. தானியம் வந்தாலும் அதை வாங்கக் குடியானவனிடம் காசு இல்லை. கூலி வேலையும் மழையை நம்பியே இருந்தபடியால், மழை நின்றதும் வேலையும் நின்றது.

இன்று நிலைமை வேறு. 2001இல் 14,93,462 ஆக இருந்த நம் மாவட்டத்தின் தொகை 2011இல் 17,26,601 ஆயிற்று. சதுர கிலோமீட்டருக்கு 500க்கு மேற்பட்டோர் வாழ்கிறோம். மழை கூடிவிடவில்லை, ஆயினும் இத்தனை பேரை இந்நிலம் தாங்குகிறது. 1934இல் கட்டி முடிக்கப்பட்ட மேட்டூர் அணையும் அதன் கால்வாய்களும் ஒரு பகுதிக்குக் கைகொடுத்தன. மற்றப் பகுதியைக் கிணறும், கோழிப்பண்ணையும், மரவள்ளியும், விசைத்தறியும், லாரித் தொழிலும் தாங்குகின்றன. நாமக்கல் நகருக்கு ரயில் வந்தது 2013இல்தான். ரயில் இல்லாத ஊரில் லாரி பெருகியது வியப்பன்று என்பது என் எண்ணம். ஆனால் கிணற்றை நம்பியிருப்பதிலும் ஓர் எல்லை உண்டு. திருச்செங்கோட்டு ரிக் வண்டிகள் நாடெங்கும் போய்த் துளையிடுகின்றன. நம் ஊரிலோ பல இடங்களில் ஆயிரம் அடிக்குக் கீழும் தண்ணீரைத் தேடுகிறோம்.

இங்கேதான் கணக்கெடுப்பில் ஒரு சிக்கல். ரிக் வண்டியிலும் லாரியிலும் மாதக்கணக்கில் வெளி மாநிலத்தில் இருப்போர் நம் ஊர்களில் அதிகம். கணக்கெடுப்பு நாட்கள் முழுவதும் வெளியே தங்கியிருப்பவரை, அவர் தங்கிய இடத்திலேயே எண்ணுவது 2011இல் கையாண்ட முறை. இடையில் ஒரு நாள் வீடு திரும்புகிறவர் இங்கேயே எண்ணப்படவேண்டும். இதனை அக்குடும்பங்களுக்கு முன்கூட்டியே எடுத்துச் சொல்லுங்கள்.

இன்னொரு கணக்கையும் மறைக்காமல் சொல்கிறேன். 2011இல் நம் மாவட்டத்தில் ஆண்கள் ஆயிரத்திற்குப் பெண்கள் 986. ஆறு வயதுக்குட்பட்ட குழந்தைகளை மட்டும் எடுத்தால், ஆண் குழந்தைகள் ஆயிரத்திற்குப் பெண் குழந்தைகள் 915ஐக்கூட எட்டவில்லை. மாநிலச் சராசரி 943. அடுத்துள்ள சேலத்தில் 2001இல் இது 851 வரை இறங்கியிருந்தது. தொட்டில் குழந்தைத் திட்டத்தை 1992இல் சேலத்தில் தொடங்கவேண்டி வந்ததன் காரணம் உங்களுக்குத் தெரியும். தாது வருஷத்தில் மழையைக் குறை சொன்னோம். இக்குறைக்கு எந்த மழையைச் சொல்வது? கருவிலிருப்பது ஆணா பெண்ணா என்று பார்ப்பதை 1994ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்கிறது. எங்கே பார்க்கிறார்கள் என்பது ஊருக்குத் தெரியாமல் இராது.

ஆகவே அடுத்த கிராம சபைக்கு வரும்பொழுது உங்கள் ஊரின் பிறப்புப் பதிவேட்டை உடன் கொண்டுவாருங்கள். மூன்று ஆண்டுகளில் பிறந்த ஆண் குழந்தை எத்தனை, பெண் குழந்தை எத்தனை என்று சபையில் படியுங்கள். வெளியூர் சென்றிருப்போர் உள்ள வீடுகளையும், புதிதாக எழுந்த குடியிருப்புகளையும் வார்டு வாரியாக எழுதிவையுங்கள். கொல்லிமலை உறுப்பினர்கள் தோட்டத்து வீடுகளையும் தனித்த குடிசைகளையும் சேர்த்து எழுதவேண்டும். சமவெளியிலிருந்து வரும் கணக்கெடுப்பாளருக்கு அந்தப் பாதைகள் தெரியா.