மூக்கை அளந்த மாளிகை

(கொரட்டூர்க் கூட்டத்தில் ஆற்றிய உரை)

கொரட்டூரில் ரயிலேறும் நமக்கு எழும்பூர் தொலைவன்று. 1851-இல் தோன்றிய அருங்காட்சியகம் அங்கேதான் இருக்கிறது. 1885 முதல் 1908 வரை அதன் கண்காணிப்பாளர் எட்கர் தர்ஸ்டன். பறவையின் சிறகை அளந்தாரா? பானையின் வாயை அளந்தாரா? அளந்திருக்கலாம், ஆனால் அவர் பேர்பெற்றது நம்மவர் மூக்கை அளந்து! சாதிவாரியாகக் கணக்கெழுதினார், சாதிகள் பற்றிய அவருடைய நூல் 1909-இல் ஏழு தொகுதிகளாய் வந்தது.

அந்நாளிலேதான் ஆதிச்சநல்லூர்ப் பறம்பை அலெக்சாண்டர் ரீ அகழ்ந்தார். தாழிகள், இரும்பு வாள்கள், பொற்பட்டங்கள் வெளிவந்தன, எழும்பூரும் வந்தன. (1876-லேயே ஜாகோர் பெர்லினுக்கு அள்ளிச் சென்றது தனிக்கதை!) மூக்கை அளந்த கருவி முதுமக்கள் தாழியின் முன் என்ன செய்யும்? உள்ளே துயின்றவன் எச்சாதி? வாள் உரைக்குமா? பொன் உரைக்குமா?

அடுத்த ஞாயிறு பிள்ளைகளோடு சென்று, அந்தத் தாழிகளைக் கேளுங்கள்.